செர்பியன் தெரிந்தவர் ஸாக்ரெப் போனால் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

கேள்வி:

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் வேலை பார்த்த காலத்தில் செர்பியன் கற்றுக்கொண்டேன். கடை, பேருந்து, அலுவலகம் எங்கும் சமாளித்துவிடுவேன். ரஷ்யன் போல செர்பியனையும் எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்தும் படிக்க வரும். இப்போது நிறுவனம் என்னைக் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப் கிளைக்கு மாற்றுகிறது. குரோஷியன் பாடநூல் ஒன்றைப் புரட்டினால் ஒரு பக்கம் முழுதாகப் புரிகிறது, அடுத்த பக்கத்தில் திணறல். "இரண்டும் ஒரே மொழிதான்" என்கிறார் ஒரு நண்பர். "அங்கே போய் அப்படிச் சொல்லிவிடாதே" என்கிறார் இன்னொருவர். இரண்டு பக்கமும் இருந்து பழகியவர்கள் சொல்லுங்கள்: எதைப் புதிதாகக் கற்க வேண்டும்? சிரிலிக் கற்றது வீண்தானா?

பதில் 1:

செர்பியாவின் நோவி ஸாத் நகரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஸாக்ரெபில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் இருக்கிறேன். பெல்கிரேட், குரோஷியக் கடற்கரையின் ஸ்ப்ளிட், போஸ்னியாவின் சரயேவோ என்று எல்லா ஊர்க்காரர்களும் என் மேசைக்கு வருவார்கள். செர்பிய விருந்தினர் 'பெஷ்கிர்' கேட்பார். என்னோடு வேலை செய்யும் ஸாக்ரெப் பெண் 'ருச்னிக்' இதோ வருகிறது என்பாள். இரண்டும் துண்டுதான். இருவருக்கும் அது ஒரு விஷயமாகவே படாது. அதனால் நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

முதலில் காதில் படுவது உயிரொலி. பழைய ஸ்லாவிய மொழியில் 'யாத்' என்றோர் ஒலி இருந்தது. செர்பியாவின் பெரும்பகுதியில் அது 'எ' ஆகிவிட்டது, குரோஷியப் பொதுமொழியில் 'இயெ' அல்லது 'யெ' ஆனது. பால் அங்கே 'ம்லேக்கோ', இங்கே 'ம்லியேக்கோ'. குழந்தை 'தேத்தே', இங்கே 'தியேத்தே'. கொஞ்ச நாளில் வாய் தானே பழகிவிடும். ஆனால் இதை வைத்து யார் செர்பியர், யார் குரோஷியர் என்று கணக்குப் போடாதீர்கள். போஸ்னியாவிலும் மாண்டினீக்ரோவிலும் உள்ள செர்பியர்களும் 'ம்லியேக்கோ' என்றுதான் சொல்வார்கள்.

நீங்கள் பெல்கிரேடில் கற்றவர் என்று உடனே காட்டிக்கொடுப்பது வினை. "வேலை செய்ய விரும்புகிறேன்" என்பதற்கு அங்கே 'ஹொச்சு தா ராதிம்'. 'தா' போட்டுவிட்டு, செய்கிறேன் என்று வினையைத் தன்மையில் திருப்பிச் சொல்வார்கள். இங்கே 'ஹொச்சு ராதித்தி', நம் 'செய்ய' போலவே நேரான எச்சம். தமிழ்க்காரருக்கு ஸாக்ரெப் வழிதான் எளிது! 'தா' போட்டுப் பேசினாலும் யாருக்கும் புரியாமல் போகாது. எதிர்காலத்தில் வேறுபாடு எழுத்தில் மட்டும்தான். செர்பியனில் 'ராதிச்சு' என்று சேர்த்து எழுதுவதை, குரோஷியனில் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள், உச்சரிப்பு ஒன்றே.

உண்மையிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டியது மாதப் பெயர்கள். பெல்கிரேடில் 'யானுவார்', 'ஃபெப்ருவார்' என்று உலகத்தோடு ஒத்துப்போகும். இங்கே பழைய ஸ்லாவியப் பெயர்கள். ஏப்ரல் 'திராவாஞ்', அதில் புல் இருக்கிறது. ஜூலை 'ஸ்ர்பாஞ்', அதில் அரிவாள். அக்டோபர் 'லிஸ்தொபாத்', இலையுதிர்வு. வேடிக்கை என்னவென்றால், போலந்துக்காரரின் 'லிஸ்தொபாத்' நவம்பர். எங்களிடம் வரும் போலந்து விருந்தினர் முன்பதிவுத் தாளைப் பார்த்து ஒரு கணம் பதறுவார். சரி, இதற்கொரு குறுக்குவழி உண்டு. பேச்சில் இங்குள்ளவர்களே 'ஏழாம் மாதம்', 'பத்தாம் மாதம்' என்று எண்ணால் சொல்லிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தத்திலும் அலுவலகக் கடிதத்திலும்தான் பெயர் வரும், அதற்காகப் படித்து வையுங்கள்.

அன்றாடச் சொற்களில் கொஞ்சம் மாறும். ரொட்டி 'ஹ்லெப்', இங்கே 'க்ருஹ்'. ரயில் 'வோஸ்', இங்கே 'வ்லாக்'. ஆயிரம் 'ஹில்யாதா', இங்கே 'திஸுச்சா'. 'யார்' என்பது அங்கே 'கோ', இங்கே எழுத்தில் 'த்கோ'. விமானத்துக்கு இங்கே 'ஸ்ரக்கோப்லோவ்' என்றொரு தனிமொழிச் சொல் உண்டு, நம் 'வானூர்தி' மாதிரி. அறிவிப்பில் கேட்கலாம். ஆனால் தெருவில் எல்லாரும் 'அவியோன்'தான். தூய்மை பேசுகிறவர் வீட்டிலும் காலுறை துருக்கியிலிருந்து வந்த 'சாரப்பா'தான், சர்க்கரை 'ஷெச்செர்'தான்.

என்னைக் கேட்டால் உண்மையான திணறல் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு பொதுமொழிகளும் ஷ்டோகாவியன் என்ற ஒரே வட்டார மொழியின் மேல் எழுந்தவை. 'என்ன' என்பதற்கு 'ஷ்தோ' என்று சொல்வதால் அந்தப் பெயர். ஸாக்ரெபையும் அதற்கு வடக்கேயும் பழைய பேச்சு காய்காவியன், அங்கே 'என்ன' என்பது 'காய்'. கடற்கரையிலும் தீவுகளிலும் சாகாவியன், அங்கே 'சா'. எங்கள் ஹோட்டலுக்குத் தீவுகளிலிருந்து வரும் முதியவர் ஒருவர் தன் மனைவியோடு பேசும்போது என் ஸாக்ரெப் தோழியே பாதியில் கைவிரித்துவிடுவாள். பெல்கிரேட் செய்தி வாசிப்பு அவளுக்கு அப்படியே புரியும்.

பதில் 2:

மேலே எழுதியவர் சொன்ன தகவல்கள் சரி, ஆனால் மிக இலேசாகச் சொல்லிவிட்டார். 1850-ல் வியன்னாவில் எழுத்தாளர்கள் கூடி ஒரு பொது இலக்கிய மொழிக்கு உடன்பட்டார்கள், செர்பிய மொழியைச் சீர்திருத்திய வூக் கராஜிச் அதில் ஒருவர். 1954-ல் நோவி ஸாதில் இரண்டும் ஒரே மொழி என்று மறுபடி ஒப்பந்தம். 1967-லேயே குரோஷிய அமைப்புகள் தங்கள் மொழிக்குத் தனிப்பெயரும் தனி நிலையும் வேண்டும் என்று அறிக்கை விட்டன. 2013-ல் குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது குரோஷியன் அதன் 24-வது அலுவல் மொழி ஆனது. இவ்வளவு நடந்த பிறகு 'ஒரே மொழி' என்று போகிறபோக்கில் சொல்ல முடியாது.

பதில் 1 எழுதியவர்:

நான் அப்படிச் சொல்லவில்லை, முதலிலிருந்து படிக்க வேண்டாம் என்றேன். இன்னொன்றும் பாருங்கள். 2017-ல் சரயேவோவில் வெளியான பொதுமொழி அறிக்கை, இது பல நாடுகளுக்குப் பொதுவான, பல தரப்படுத்திய வடிவங்கள் கொண்ட ஒரு மொழி என்றது. அதில் குரோஷியர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆகவே எதிர்க்கருத்து வெளியூர்க்காரர்களுடையது மட்டும் இல்லை. 1999-ல் ஒரு செர்பியப் படத்தைக் குரோஷியத் துணைவசனத்தோடு ஸாக்ரெபில் திரையிட்டார்கள். திரையில் பேசுவதும் கீழே எழுதியிருப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்க, அரங்கம் சிரித்தது.

பதில் 3:

நான் சரயேவோவில் இருக்கிறேன். இங்கே சிகரெட் பெட்டியில் 'புகைபிடித்தல் கொல்லும்' என்பது மூன்று முறை இருக்கும்: போஸ்னியன், குரோஷியன், செர்பியன். 'பூஷெஞே உபியா' என்று முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, மூன்றாவது அதுவே சிரிலிக்கில். நண்பர் கேட்ட சிரிலிக் இங்கே வந்தால் உதவும்!

கேட்டவர்:

நன்றி. அப்படியானால் ஸாக்ரெபில் சிரிலிக்கே வேண்டாமா? அப்புறம், "எங்கே இவ்வளவு நன்றாகக் கற்றாய்" என்று கேட்டால் என்ன சொல்ல?

பதில் 1 எழுதியவர்:

ஸாக்ரெபில் தேவைப்படாது, இங்கே எழுதுவது லத்தீன் எழுத்தில். ஐம்பதைத் தாண்டியவர்கள் இரண்டும் ஒரே நாடாக இருந்த யுகோஸ்லாவியக் காலப் பள்ளியில் படித்திருப்பதால் வாசிப்பார்கள், இளைஞர்கள் பெரும்பாலும் வாசிக்க மாட்டார்கள். அதைப் பெருமையாக எழுதிக் காட்டவும் வேண்டாம். 2013-ல் கிழக்குக் குரோஷியாவின் வுகோவார் நகரில் சிரிலிக்கும் சேர்ந்த பலகைகளை மாட்டியபோது உடைத்தெறிந்தார்கள். யுகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில் அந்த நகரம் பட்ட பாடு அப்படி, வெறும் எழுத்துப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெல்கிரேடில் கற்றேன் என்று நேராகச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன், பெரும்பாலும் சிரித்துவிட்டு 'க்ருஹ்' என்று சொல்லச் சொல்வார்கள். படிவத்தில் மொழி கேட்டால் 'ஹ்ர்வாத்ஸ்கி' என்று எழுதுங்கள். 'செர்போ-குரோஷியன்' என்ற சேர்ப்புப் பெயரை மட்டும் அலுவலகத்தில் சொல்லாதீர்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே மேசையில் இருந்தால் 'நாஷ்கி', அதாவது 'நம்முடையது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர்களே வெளிநாட்டில் சந்தித்துக்கொள்ளும்போது அப்படித்தான் சொல்வார்கள்.