எம்.டெக். சேரலாமா, வேலையிலேயே தொடரலாமா?

வணக்கம். சிவில் முடித்து 3 வருடமாகத் திருச்சியில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சம்பளம் 22,000. இந்த வருடம் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் தேறிவிட்டேன், ஸ்ட்ரக்சுரல் எம்.டெக். படிக்க ஆசை. உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய் வரும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகப் போய்விடும், ஆனால் 2 வருடம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. நகைக்கடன் ரசீதுகளைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் அப்பா, "நீ படி, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். அதைக் கேட்டால்தான் தயக்கம் கூடுகிறது.

எம்.டெக். முடித்து டிசைன் ஆபீசில் சேர்ந்தவர்கள் இருந்தால், தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று சொல்லுங்கள். எம்.டெக். படிக்காமலேயே ஈடேப்ஸ், ஸ்டாட் போன்ற கட்டட டிசைன் மென்பொருள்களைக் கற்றுக்கொண்டு சைட்டிலிருந்து டிசைனுக்கு மாறியவர்கள் உண்டா? கேட் ஸ்கோர் 3 வருடம் செல்லும் என்பதால், கடனை அடைத்துவிட்டு அப்புறம் சேரலாமா என்றும் யோசிக்கிறேன்.