காசு கட்டி 200 கிமீ சைக்கிள் ஓட்டறது தேறுமா?

கேள்வி: அதே ரோட்ல சும்மாவே ஓட்டலாம். அப்புறம் கட்டணம் எதுக்கு?

பதில் 1: எந்த வகைன்னு பாருங்க. பிரெவேன்னா, குறிச்ச நேரத்துக்குள்ள நம்மளே சமாளிச்சு முடிக்கற நீண்ட தூர ஓட்டம். கட்டணம் குறைவு, வழியில உதவியும் கிடையாது. வழித்தடம், வழியில முத்திரை வாங்கற அட்டை, பிரெவேக்களை அங்கீகரிக்கற பிரெஞ்சு சங்கமான ஆடாக்ஸ் கிளப் பாரிசியனோட அங்கீகாரம், அவ்வளவுதான். நேர வரம்பு 200 கிமீக்கு பதிமூன்றரை மணி நேரம், 600-க்கு 40. பிரான்ஸ்ல நடக்கற பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நீண்ட தூர ஓட்டத்துல ஓட்டற ஆசை இருந்தா இது கட்டாயம் வேணும். தனியா ஓட்டினது கணக்குல வராது.

பதில் 2: இன்னொரு வகை கிரான் ஃபோண்டோ, நிறைய பேர் சேர்ந்து ஓட்டற பெரிய ஓட்டம். அதுல காசு சாலைச் சந்திப்புல காவல், மெக்கானிக், ஆம்புலன்ஸ், முடியாதவங்களை ஏத்திக்கப் பின்னால வர்ற வண்டிக்குப் போகுது. சாப்பாட்டு நிறுத்தம் எத்தனை கிமீக்கு ஒண்ணுன்னு கேட்டுட்டுக் கட்டுங்க. இடைவெளி 50 கிமீ தாண்டினா, வெயில்ல 750 மில்லி பாட்டில் ரெண்டும் காலி. மெதுவா ஓட்டறவங்க வர்றப்போ சாப்பாடு தீர்ந்துபோறதுதான் பெரிய கோளாறு. கடைசி ஆளுக்கும் எடுத்து வைக்காத அமைப்பாளருக்குக் காசு கட்டாதீங்க.

பதில் 3: மெக்கானிக் இருந்தாலும் ரெண்டு ட்யூப், டயர் கழட்டற லீவர், பம்ப், அறுந்த செயினை இணைக்கற லிங்க் கையில இருக்கணும். 11 ஸ்பீடு (பின்சக்கரத்துல 11 பல்சக்கரம்) செயினுக்கு 11 ஸ்பீடு லிங்க்தான் சேரும். பஞ்சரானா டயரோட உள்பக்கத்தை விரலால மெல்லத் தடவுங்க. மயிரிழைக் கம்பி ஒண்ணு குத்திக்கிட்டு நின்னா புது ட்யூபும் உடனே போயிடும்.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. முதல்ல பிரெவேக்கே பேர் கொடுக்கறேன்.