மண்டபச் சாப்பாட்டைச் சேகரிக்கும் தொண்டர்களுக்கு எதைப் பயிற்றுவிப்பது?

கேள்வி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்):
வணக்கம். எமது சனசமூக நிலையத்து இளைஞர்கள், கலியாண மண்டபங்களில் மிஞ்சும் சோறு கறிகளைப் பெற்று முதியோர் இல்லங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மனமார உழைக்கிறார்கள், ஆனால் முறையான பயிற்சி எதுவும் பெற்றதில்லை. மத்தியானப் பந்தி முடிந்து கிடாரம் எங்கள் கைக்கு வரும்போது பெரும்பாலும் மூன்று மணியாகிவிடுகிறது. ஒரு நாள் வகுப்பில் எவற்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

மறுமொழி (ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, வகுப்பு நடத்தித் தருமாறு கேளுங்கள். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பனையை மட்டுமன்றி விநியோகத்தையும் கட்டுப்படுத்துவது என்பதைத் தொண்டர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வகுப்பின் பெரும்பகுதியைச் சோற்றுக்கே ஒதுக்குங்கள். அரிசியில் இருக்கக்கூடிய பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சோற்றிலேயே விட்டுவிடுகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்குவதால் அழியாது. ஆகவே, 'கொதிக்கவைத்துக் கொடுத்தால் சரி' என்ற எண்ணத்தைத்தான் முதலில் நீக்க வேண்டும். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கலாகாது. கிடாரத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், வெப்பமானியின் கம்பியைச் சுத்தம் செய்து சோற்றின் நடுவில் இறக்கிப் பார்க்கப் பழக்குங்கள்.

பழஞ்சோறு உண்டு வளர்ந்தோமே என்று யாராவது கேட்பார்கள். நீரூற்றிப் புளிக்கவைத்த வீட்டுச் சோறு வேறு, மண்டபத்தில் மூடிக் கிடந்த சோறு வேறு. உண்பவர்களும் உடல் தளர்ந்த முதியவர்கள்.

மறுமொழி (அன்னதானச் சமையலில் ஈடுபடுபவர், நல்லூர்):
பந்தியில் பரிமாறிய வாளியில் மிஞ்சியதை ஒருபோதும் ஏற்காதீர்கள். அகப்பை படாமல் கிடாரத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். தேங்காய்ச் சம்பல், பால்விட்ட சொதி, தயிர்ப் பச்சடி ஆகியவற்றை நான் எடுக்கவே விடுவதில்லை. வயிற்றோட்டமோ வாந்தியோ கண்ட தொண்டர், அது நின்று 48 மணி நேரம் கழியும்வரை உணவைத் தொடக்கூடாது. பாத்திரம் கழுவும் கிணற்று நீரையும் கவனியுங்கள். மலசலகூடக் குழிகளுக்கு அருகிலுள்ள கிணறுகள் நிறைந்த எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில், தெளிவாகத் தெரியும் நீர் தூய நீராகிவிடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் கலியாண வீட்டுப் பெரியவர் ஒருவர் மனமுவந்து கொடுப்பதை இருபது வயதுப் பிள்ளை எப்படி மறுப்பது?

மறுமொழி (ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
வகுப்பில் நடித்துப் பழக வேண்டிய பகுதி அதுதான். ஒருவர் கலியாண வீட்டாராக நின்று வற்புறுத்த, மற்றவர் 'ஐயா, உலையிறக்கி நேரமாகிவிட்டது, இல்லத்தில் உள்ளவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது' என்று பணிவாகச் சொல்லிப் பழகட்டும். மறுக்கும் பிள்ளையின் முடிவை நிலையத் தலைவர்கூட மாற்றக்கூடாது. அதைவிட நல்லது, மண்டபத்தாருடன் முன்கூட்டியே பேசி, மிஞ்சும் என்று தெரிந்ததும் முதற் பந்தியோடேயே ஒரு பங்கைச் சூட்டோடு எடுத்துவைக்கச் செய்து, சோறு இறக்கிய நேரத்தைப் பாத்திர மூடியில் எழுதி ஒட்டுவிப்பது. அப்போது மறுக்கவேண்டிய தேவையே அநேகமாக ஏற்படாது.