புதுப்பிப்பு: ஹட்டன்ல இருந்து கேட்ட வயித்து முறுக்கல், இப்ப எப்படி?

சாப்பிட்டதும் வயிறு ஊதி முறுக்குது, ஒருநாள் வயித்தால போகுது, மறுநாள் மலச்சிக்கல்னு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

டொக்டர் முதல்ல இரத்தம் சோதிச்சு, ஐ.பீ.எஸ். (IBS, வயித்துவலியோட மலப்போக்கு மாறிமாறி வர்ற குடல் கோளாறு) தான்னார். கோதுமையை நிறுத்த முந்தியே போனது நல்லதாப் போச்சு; நிறுத்திட்டா சீலியாக் (கோதுமையில இருக்கிற குளூட்டன் குடலைப் பாதிக்கிற நோய்) சோதனை, நோய் இருந்தாலும் இல்லைன்னு பிழையாக் காட்டலாமாம்.

கைகொடுத்தது, சாப்பிடுறதைக் கொப்பியில எழுதச் சொன்ன அக்காவோட யோசனை. நான் மிளகாயைத்தான் சந்தேகப்பட்டேன். மூணு வாரம் எழுதிப் பார்த்தா, கோதுமை ரொட்டியும் வெங்காயச் சம்பலும் தின்ன நாள்லதான் முறுக்கல். பால் தேத்தண்ணி ஒண்ணும் செய்யல! சோத்துக்கு மாறினதும் பாதி குறைஞ்சிட்டு. மலச்சிக்கலுக்கு எடுக்கிற நார்ச்சத்து உமியான இசப்கோலை எடுத்த எடுப்பில ரெண்டு கரண்டி போட்டு ஊதிப்போனேன். அரைக் கரண்டியில தொடங்குங்க.

மலத்தில இரத்தம், காரணமில்லாத மெலிவு, தூக்கத்தைக் கலைக்கிற வயித்தோட்டம், இரத்தசோகை இருந்தா கொப்பியை நம்பி இருக்காம உடனே காட்டணும்னு டொக்டர் சொன்னார்.