'ஹெட்ரூம்': தமிழில் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களுக்கு வணக்கம். ரேக் எஃபெக்ட் கருவிகளை, அதாவது சட்டத்தில் அடுக்கி இசையின் ஒலியை மாற்றப் பயன்படுத்தும் பெட்டிகளை, இணைப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிக்கல் தீர்க்கும் அத்தியாயம் முழுவதும் 'ஹெட்ரூம்' என்ற சொல் வருகிறது. சிக்னல் வழக்கமாக ஓடும் மட்டத்துக்கும் சிதையத் தொடங்கும் உச்சத்துக்கும் இடையே மிஞ்சியிருக்கும் இடம் அது. 'தலையிடம்' என்று போட்டால் தலைமையிடம் என்று படிப்பார்கள். உதவுங்கள்.

தமிழாசிரியர்:
'ஏமவெளி' என்று வையுங்கள். ஏமம் என்றால் காவல். 306ஆம் குறளில் வள்ளுவர் இனத்தை 'ஏமப் புணை', அதாவது காக்கும் தெப்பம், என்கிறார். சிதைவிலிருந்து காக்கும் வெளி ஏமவெளி. ஏமம் மாறிப்போவதே 'ஏமாறுதல்' ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து. ஏமத்துக்கு இன்பம் என்ற பொருளும் உண்டு; இசைக்கு அதுவும் பொருந்தும். 'யூனிட்டி கெயின்' (உள்ளே வரும் அளவே வெளியேயும் போவது) என்பதற்கும் சொல் கையிலேயே இருக்கிறது: சமன். சிலம்பின் அரங்கேற்று காதையில் வலிவு, மெலிவு, சமன் மூன்றும் வருகின்றன.

ஒலிப்பொறியாளர்:
ஐயா, அவை மூன்றும் ஸ்தாயி. சுரத்தின் உயரத்தைக் குறிப்பவை, ஒலியின் அளவை அல்ல. இங்கே கொண்டுவந்தால் இசை படித்தவரே குழம்புவார்.

நடப்பது என்ன என்று பாருங்கள். சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் +4 டிபியு (டிபியு, டிபிவி இரண்டும் சிக்னல் மட்டத்தின் அளவுகள்) மட்டத்தில், அதாவது சுமார் 1.23 வோல்ட்டில், அனுப்புகிறது. அடுத்துள்ள, ஒலியைத் தாமதித்து எதிரொலிபோல் தரும் டிலே கருவியின் பின்பக்க ஸ்விட்ச் −10 டிபிவியில், சுமார் 0.32 வோல்ட்டில், நிற்கிறது. வேறுபாடு ஏறத்தாழ 12 டெசிபல். சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், ஒலி கரகரக்கும். டிஜிட்டல் கருவி என்றால் உச்சத்தைத் தொட்டதும் அலையின் தலையைச் சீவிவிடும். எதிர்மாறாக, −10இல் அனுப்பும் கருவியை +4 எதிர்பார்க்கும் பெட்டியில் செருகினால் மேலே இடம் நிறைய இருக்கும். ஆனால் பிறகு ஒலியைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து கூடும்.

அதனால்தான் முதலில் ஸ்விட்சுகளைப் பொருத்திவிட்டு, எல்லாப் பெட்டிகளையும் பைபாஸில் (ஒலி மாறாமல் அப்படியே கடந்துபோகும் நிலையில்) வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். மிக ஓங்கி வாசித்தாலும் சிவப்பு எரியாத அளவுக்கு உள்ளீட்டை ஏற்றுகிறோம். பைபாஸில் கேட்ட அதே அளவு வரும்படி வெளியீட்டை வைக்கிறோம். +4இல் ஓடும் கருவி +24 வரை தாங்கும் என்றால் 20 டெசிபல் மிச்சம் இருக்கிறது. குமிழைத் திருப்புகிறவருக்கு அந்த 20ஐக் காட்டும் சொல்தான் தேவை. 'மேல்வெளி' காட்டுகிறது. 'ஏமவெளி'க்கு அவர் அகராதியைத் தேட வேண்டும்.

பாலிடெக்னிக் ஆசிரியை:
என் மாணவர்கள் 'மேல்வெளி'யை ஆகாயம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'தாங்குவெளி' எப்படி? கருவி இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. தேர்வில் எழுதவும் எளிது.

தமிழாசிரியர்:
'தாங்குவெளி'யில் வினை இருக்கிறது, ஏற்கலாம். 'மேல்' என்பதோ இடத்தை மட்டும் சொல்கிறது. ஆனால் விளங்கவில்லை என்று பழஞ்சொல்லை ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். 'கணினி'யும் முதல்முறை கேட்டபோது யாருக்கும் விளங்கவில்லை. வழங்க வழங்கத்தான் சொல் விளங்கும்.

ஒலிப்பொறியாளர்:
'தாங்குவெளி' சுமையைத் தாங்குவதுபோல் ஒலிக்கிறது. ஒலிபெருக்கி எத்தனை வாட் தாங்கும் என்பதற்கு அந்தச் சொல்லை விட்டுவையுங்கள்; நாளை அங்கே தேவைப்படும்.

மொழிபெயர்ப்பாளர்:
தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'மேல்வெளி'க்கே ஆதரவு கூடுதல். முதல் இடத்தில் 'மேல்வெளி (ஹெட்ரூம்)' என்றும் பிறகு 'மேல்வெளி' என்றும் போடுகிறேன். 'யூனிட்டி கெயின்' இப்போதைக்கு அப்படியே போகிறது.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். அருஞ்சொற்பட்டியலில் 'ஏமவெளி'யையும் இணைச்சொல்லாகச் சேருங்கள் என்ற என் கோரிக்கை அப்படியே நிற்கிறது. 'சமன்' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.