ஆலை இல்லாத நாட்டுக்குக் கட்டாய உரிமம் எதற்கு உதவும்?

கேள்வி: காப்புரிமை உள்ள மருந்தை, உரிமையாளர் சம்மதம் இல்லாமலே வேறொருவர் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் தரலாம், சரி. தயாரிக்க ஆலையே இல்லாத நாடு என்ன செய்யும்? இறக்குமதிக்கு வழி உண்டா?

பதில் 1: உண்டு. டிரிப்ஸ் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம்) 31(எஃப்) பிரிவுப்படி, கட்டாய உரிமத்தில் தயாராகும் சரக்கு பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே போக வேண்டும். 2017 ஜனவரி 23 முதல் நடப்பில் உள்ள 31பிஸ் என்ற கூடுதல் பிரிவு, இப்படிப்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய அதைத் தளர்த்துகிறது. வாங்கும் நாடு மருந்தின் பெயரையும் தேவையான அளவையும் உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். அந்த அளவுக்கு மேல் ஒரு மாத்திரைகூடத் தயாரிக்கக் கூடாது. காப்புரிமையாளரின் சரக்கோடு கலந்துவிடாதபடி தனி லேபிளோ குறியோ இருக்க வேண்டும்; விலை பெரிதாக ஏறாமல் முடிந்தால் நிறமோ வடிவமோ பொதியோ மாறியிருக்க வேண்டும்.

பதில் 2: சிக்கலே அந்த அளவும் தாமதமும்தான். ருவாண்டா 2007 ஜூலையில் அறிவித்தது, கனடாவிலிருந்து எச்.ஐ.வி. மருந்து கிளம்பியது 2008 செப்டம்பரில். சின்ன ஆர்டருக்காக இவ்வளவு நாள் எந்த ஆலை காத்திருக்கும்?

பதில் 3: உங்கள் நாடு ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலில் இருந்தால், 2033 ஜனவரி 1 வரை மருந்துக்குக் காப்புரிமையே தர வேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே தந்திருந்தால் இந்தச் சலுகை தானாக வராது. முதலில் அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்.