பிரைமரில் பள்ளம் இல்லாத கூடு: உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

பழையபேட்டைக்காரன்:
25 பவுண்டர் பீரங்கியின் பித்தளைத் தோட்டாக் கூடு, அடியில் 1943 முத்திரை, தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் அதற்கு வேலை புளி தட்டுவது. கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தின் மேல் புளியை வைத்து அம்மா சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார். முப்பது வருஷமாக! எனக்கு இந்தச் சேகரிப்புப் பைத்தியம் பிடித்த பிறகு ஒரு நாள் பிசுக்கைத் துடைத்து முத்திரையைப் படிக்க உட்கார்ந்தேன். நடுவில் பிரைமர், அதாவது பீரங்கியின் ஊசி குத்தினால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி, வழவழவென்று இருக்கிறது, ஊசி குத்திய பள்ளமே இல்லை. அப்படியென்றால் சுடாத கூடு, பிரைமர் இன்னும் வெடிக்கலாம். பின்னாலிருந்து அம்மா, "தொடைச்சாச்சா, குடுறா, இன்னும் ரெண்டு கூடை கெடக்கு" என்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதுவரை உள்ளே காலிதானே என்று இருந்துவிட்டேன். 25 பவுண்டரில் குண்டு தனி, மருந்துப் பை வைத்த கூடு தனி. பையை உருவிவிட்டால் சுடாத கூடும் காலியாகத்தான் தெரியும். மறுநாள் துணியில் சுற்றி வண்டியில் வைத்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். இன்னும் யார் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டாலும் திக்கென்கிறது.

மலையடி விவசாயி:
எங்களுக்கு ஏர் ஓட்டும்போது சாத்துக்குடி அளவில் ஒரு இரும்பு உருண்டை கிடைத்தது. 1791 நவம்பரில் வெள்ளைக்காரத் தளபதி மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கி, மலைமேல் ஏற முடியாமல் திரும்பிய சண்டையின் பீரங்கிக் குண்டாக இருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் மாமன் அதைத் தராசில் படிக்கல்லாக வைத்து இரண்டு வருஷம் தக்காளி விற்றிருக்கிறார், எடை எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

பாலக்கோடு அண்ணன்:
பழையபேட்டைத் தம்பி, வண்டியில் வைத்துக் கொண்டுபோனீர்களா? நம் ரோட்டில் இருக்கும் குழிக்கு அது சுத்தியலை விட மோசம். இருந்த இடத்தில் விட்டு 100-க்கு அடித்திருக்க வேண்டும். விவசாயி, உங்களுக்கும்தான். கெட்டி உருண்டை என்றால் பயமில்லை, ஆனால் சில உருண்டைகள் உள்ளே குடைந்து கருமருந்து அடைத்தவை, மேலே ஒரு துளையோ அடைப்போ இருக்கும்; அதைத் துளைபோட்டுப் பார்க்கிறேன், அடுப்பில் காயவைக்கிறேன் என்று இறங்காதீர்கள். மண்ணுக்கடியில் கிடைத்தால் 1878 புதையல் சட்டம் இருக்கிறது, கலெக்டருக்குத் தெரிவியுங்கள். குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸ் தனியாக இருந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தில் அது தோட்டாக் கணக்குத்தான். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பழைய நிறம் போனால் மதிப்பும் போச்சு. என் கதையா? சந்தையில் ஒரு கூடு பார்த்தேன், வாங்கவில்லை.

தருமபுரி பித்தளை:
அண்ணன் வாங்காததற்கே இவ்வளவு நீளமா! ஒரு காயலான் கடையில் எனக்கு "எம்டன் குண்டு" என்று கூட்டில் செய்த ஒரு பூச்சாடியைத் தலையில் கட்டினார்கள். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22, அந்த நவம்பரிலேயே கப்பல் கோகோஸ் தீவில் ஒழிந்துபோனது. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் 18 பவுண்டர், 1917. அதுவும் வெள்ளைக்காரன் பீரங்கி! கடைக்காரர் முகத்தில் அடித்த மாதிரி சொன்னார், "சாமான் உடையலையே சார், அப்புறம் என்ன?" பிரைமரில் பள்ளம் இருக்கிறதா என்று இந்தப் பதிவைப் படித்துவிட்டு இப்போதுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

பழையபேட்டைக்காரன்:
அண்ணன் சொன்னது சரிதான், அன்றைக்கு மூளை வேலை செய்யவில்லை. அம்மா இன்னும் நம்பவில்லை. "உங்க தாத்தா குடுத்ததைத் தூக்கிக் குடுத்துட்டியே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இந்த வருஷம் புளியை அம்மிக்கல்லில் தட்டுகிறார், தெறிக்கிறதாம்.